சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலை 1931இல் திறக்கப்பட்டது. ஊரைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். லாத்தா இஸ்கண்டார் அருவி, ரிங்லெட், தானா ராத்தா என்று சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இறங்கும்போது பிரேக் தட்டும், சக்கரம் பூட்டப்படும் ஹப்பும் சூடேறுகின்றன. இவ்வளவுக்கும் ஈடுகொடுத்துச் சக்கரத்தைக் காரோடு சேர்த்து வைத்திருப்பவை, நம் ஊரில் அதிகம் ஓடும் மைவியிலும் சாகாவிலும், சக்கரத்துக்கு நான்கே ஸ்டட்டுகள், அதாவது நட் ஏறும் மரையுள்ள எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றின் பருமன் 12 மில்லிமீட்டர்.

அதில் ஒன்று முறிந்துவிட்டால் உடனே காதில் விழும் ஆறுதல் ஒன்று உண்டு: "இன்னும் மூனு இருக்குல்ல அண்ணே, ஓடும்." ஓடத்தான் செய்யும். ஆனால் ஓட விடக்கூடாது. சக்கரம் அந்தக் கம்பிகளின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு கம்பி போனால் மற்ற மூன்றும் சுமந்துகொள்ளும் என்று நினைப்பதால்தான் இந்தத் துணிச்சல் வருகிறது. ஸ்டட் சுமப்பதற்காக அங்கே இல்லை. நெருக்கிப் பிடிப்பதற்காக இருக்கிறது.

மேசை விளிம்பில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் துருவும் கருவி பல வீடுகளில் இருக்கும். அதன் அடியில் ஒரு திருகாணி. அதை முறுக்கினால் மேசைப் பலகை இரண்டு இரும்புகளுக்கு நடுவில் இறுகப் பிடிபடும். கைப்பிடியைச் சுற்றும்போது கருவி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அதை நகராமல் நிறுத்துவது பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள உராய்வு. அந்த உராய்வைத் தருவது திருகாணியின் இறுக்கம். இறுக்கம் சற்றுக் குறைந்தால் கருவி இம்மியளவு ஆடும். ஆட ஆடத் திருகாணி தானே கழலும். அரை மூடி துருவி முடிப்பதற்குள் பலகையில் வடு விழுந்துவிடும்.

ஹப்தான் அந்த மேசை, ரிம்தான் அந்தக் கருவி, ஸ்டட்டும் நட்டும் சேர்ந்தது அந்தத் திருகாணி. நட்டை முறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு நீள்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20இல் ஒரு பங்குதான். நீண்ட எஃகு மறுபடி சுருங்கப் பார்க்கும், அந்த இழுப்பு ரிம்மை ஹப்பின் மேல் அழுத்தும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில், காய்ந்த சுத்தமான மரையில், நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 4 டன். நான்கு ஸ்டட்டுக்கும் சேர்த்து 16 டன். மைவியின் மொத்த எடையே ஒரு டன் அளவுதான். அதனால் சக்கரம் ஹப்பின் மேல் வழுக்க இடமே இல்லை.

ஒன்று முறிந்தால் 16 டன் 12 ஆகிறது. அதைவிடக் கவலைக்குரியது, அழுத்தம் ஒரு பக்கமாகப் போய்விடுவது. முறிந்த இடத்தில் ரிம் ஹப்பைவிட்டு மெல்ல விலகி விலகி ஒட்டத் தொடங்கும். சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் பக்கத்து ஸ்டட்டுகள் வளைந்து நிமிரும். 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒரு சோதனைப் பொறி செய்து, இறுகிய நட்டைக் கழற்றுவதில் நெடுக்கு அதிர்வைவிடப் பக்கவாட்டு அசைவே கொடியது என்று காட்டினார். தேங்காய்த் துருவி கழல்வதும் அதனால்தான். ஆக, முதல் ஸ்டட் முறிந்த நாளிலிருந்தே மற்ற மூன்றும் அந்த வழியில் போகத் தொடங்கிவிடும்.

ஸ்டட் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம். நட்டை விரலால் இரண்டு சுற்று ஏற்றாமல் நேராக ஏர் கன்னை வைத்து அடிப்பது முதல் குற்றம். நட் சாய்ந்து ஏறி மரையை அரைத்துவிடும். மைவி, சாகா, வியோஸ் போன்றவற்றில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நிசான், சுசுகி கார்களில் 1.25. இரண்டுக்கும் பருமன் ஒன்றே என்பதால் தவறான நட் ஒரு சுற்று ஏறவும் செய்யும், பிறகு நாசமாக்கும். ஏர் கன் எவ்வளவு இறுக்குகிறது என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. எல்லையைத் தாண்டி நீண்ட எஃகு சுருங்கும் குணத்தை இழந்துவிடும். மரையில் எண்ணெய் பூசுவது நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. முறுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது, மற்றதெல்லாம் உராய்வில் போகிறது. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்துவிடுவதால், அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

சரி, மாற்றுவது எப்படி? சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜேக் போட வேண்டும். ஸ்டாண்ட் வைக்காமல் கை நுழைக்கவே கூடாது. பின்சக்கரம் டிரம் வகை என்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து டிரம்மை உருவ வேண்டும். முன்சக்கரத்தில் கேலிப்பரைக் கழற்றி, பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வைத்துவிட்டு, தட்டை எடுக்க வேண்டும்.

இப்போது ஸ்டட்டின் முழு உருவம் தெரியும். பின்னால் தட்டையான தலை, கழுத்தில் நெடுக்குப் பல்வரிகள், அப்புறம் மரை. ஹப்பின் துளைக்குள் அதைச் சுழலாமல் நிறுத்துவது அந்தப் பல்வரிகள். பழையதைப் பின்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அடி பேரிங்கில் இறங்கும், சில வாரத்தில் சக்கரம் முனகத் தொடங்கும். தள்ளியெடுக்கும் கருவி இருந்தால் அதுவே நல்லது. ஹப்பைச் சுற்றி, பின்னால் இடைவெளி உள்ள இடத்துக்குக் கொண்டுவந்தால் ஸ்டட் வெளியே வரும். சில கார்களில் அந்த இடைவெளியே இருக்காது, ஹப்பைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது பெரும்பாலும் பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய ஸ்டட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நீளம், மரை, பல்வரியின் பருமன் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பல்வரி சிறுத்தால் ஸ்டட் துளைக்குள் சுழலும், பெருத்தால் ஹப் விரியும்.

வேலையின் உயிர் அடுத்த படியில்தான். புதிய ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் கிரீஸ் தடவிய வாஷர்கள் சிலவற்றை அடுக்கி, பழைய நட் ஒன்றைத் தட்டைப் பக்கம் உள்ளே இருக்கும்படி ஏற்றி, கை ஸ்பேனரால் மெதுவாக இறுக்க வேண்டும். பல்வரிகள் துளைக்குள் இழுபட்டு ஏறும். தலை ஹப்பின் முதுகில் முழுதாகப் படிந்த கணத்தில் ஸ்பேனர் சட்டெனக் கனக்கும். பின்னால் விளக்கடித்துத் தலைக்கடியில் இடுக்கு இல்லை என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இங்கே கால் மில்லிமீட்டர் இடுக்கு விட்டாலும், ஓட்டத்தில் தலை அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடும். ஸ்டட்டை நீட்டியதே ஒரு மில்லிமீட்டரில் 20இல் ஒரு பங்குதான் என்பதால், அவ்வளவு அழுத்தமும் அங்கேயே போய்விடும். சொந்தக் காரில் ரிம்மை வைத்தே இழுத்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள், ரிம்மின் துளை அதில் வீணாகிவிடும். இழுக்கப் பயன்பட்ட நட்டை எறிந்துவிடுங்கள்.

ரிம்மும் ஹப்பும் தொடும் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுக்க வேண்டும். துருவும் பெயிண்டும் நாளடைவில் நசுங்கி இறுக்கத்தைத் தின்றுவிடும். பிறகு நான்கு நட்டையும் விரலால் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றில், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும்.

புதிய ஸ்டட் கொஞ்சம் படியும் என்பதால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். தாப்பாவில் மாற்றிக்கொண்டு மலையேறுபவருக்கு அந்தத் தூரம் தானா ராத்தாவிலேயே வந்துவிடும். இறங்குவதற்கு முன், சக்கரம் ஆறியிருக்கும் காலை வேளையில் ரெஞ்சை எடுங்கள்.