ஒரு பில், ஆறு வரி

ராஜபாளையத்தில் கட்டுத்துணி வியாபாரம் செய்யும் கடை ஒன்றின் கணக்கர் கேட்டிருந்த கேள்வி இது: “ஒரு பில்லைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பட்டியல் எடுத்தால் அதே பில் ஆறு தடவை வருகிறது. யாராவது திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டார்களா?”

யாரும் ஏற்றவில்லை. டேட்டாபேஸுக்குள் அந்த பில் ஒன்றேதான் இருக்கிறது. அதை ஆறாகப் பெருக்கியது கேட்ட விதம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத் தறிகளில் நெய்யும் துணிதான் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டாகிறது. அப்படிப்பட்ட சரக்குக்குப் போட்ட பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகை 42,000 ரூபாய். சரக்கு மூன்று: பேண்டேஜ் துணி, காஸ் துணி, பஞ்சு ரோல். பணம் இரண்டு தவணையாக வந்தது, முதலில் 20,000, பிறகு 22,000. டேட்டாபேஸில் பில்லுக்கு ஒரு டேபிள், சரக்குக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று. முதலாவதில் ஒரு வரி, அடுத்ததில் மூன்று, கடைசியில் இரண்டு.

பில் நம்பரைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் ‘ஜாயின்’ செய்யும்போது, அதாவது ஒன்றாக இணைக்கும்போது, கம்ப்யூட்டருக்கு ஒரு சங்கடம் வருகிறது. அந்த 20,000 ரூபாய் எந்தச் சரக்குக்காக வந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எனவே பேண்டேஜ் துணியை இரண்டு தவணைகளோடும் அது சேர்க்கிறது. காஸ் துணியையும் பஞ்சையும் அப்படியே. மூவிரண்டு ஆறு. ஆறு வரியிலும் பில் தொகை 42,000 என்றே நிற்கும். பில் தொகையைக் கூட்டினால் விற்பனை 2,52,000 ரூபாய். வரவைக் கூட்டினால் 1,26,000. பட்டியலில் ஆறு வரியைக் கண்ணால் பார்த்தவர் சந்தேகப்பட்டாவது கேட்பார். கூட்டுத்தொகையை மட்டும் வாங்கிப் பார்க்கும் முதலாளிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் கை நேராகப் போவது ‘டிஸ்டிங்க்ட்’ என்ற சொல்லுக்கு. ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதை நீக்கும் கட்டளை அது. ஆனால் சரக்குப் பெயரும் தவணைத் தொகையும் பட்டியலில் இருக்கும்வரை ஆறு வரியும் ஒன்றுக்கொன்று வேறுதான், எதுவும் நீங்காது. அவற்றை எடுத்துவிட்டு சரக்கு வாங்கிய வியாபாரியின் பெயர், தொகை என்று மட்டும் கேட்டால் ஆறும் ஒன்றாகிவிடும். அதே வியாபாரி அதே 42,000 ரூபாய்க்கு இன்னொரு பில் வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து காணாமல் போகும்.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே ஊர், மாரியப்பன் என்ற ஒரே பெயர், 501 ரூபாய் என்ற ஒரே தொகை இரண்டு இடத்தில் வந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று எந்த வீட்டிலும் ஒன்றை அடித்துவிட மாட்டார்கள். அவர் தெற்குத் தெரு, இவர் மேலத் தெரு. இரண்டு மொய்யையும் திருப்பிச் செய்தாக வேண்டும்.

இரட்டை வரிகளை டேட்டாபேஸ் தானாக நீக்காமல் விடுவதன் வரலாறு சுவையானது. அட்டவணைகளாகத் தரவை அடுக்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். கணிதம் படித்த அவருக்கு அட்டவணை என்பது கணம். கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு தடவை இருக்க இடமில்லை. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட ‘சீக்வெல்’, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க இன்று பயன்படும் எஸ்கியூஎல் மொழியின் முன்னோடி. காட் வகுத்த கண்டிப்பு எஸ்கியூஎல்லில் தளர்ந்தது. இரட்டை வரிகளைக் களைய எல்லா வரிகளையும் ஒப்பிட்டாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கூட்டலுக்கும் சராசரிக்கும் ஒரே மாதிரி வரிகள் தேவையும்கூட. ஆகவே கேட்டால் ஒழிய நீக்குவதில்லை என்று வைத்தார்கள். கணத்தின் இடத்துக்கு மொய் நோட்டு வந்தது.

விநோதம் என்னவென்றால், இரண்டு பட்டியல்களை ஒட்டும் ‘யூனியன்’ கட்டளை அதே மொழியில் தலைகீழாக நடக்கிறது. யாரும் கேட்காமலேயே இரட்டைகளை அது நீக்கிவிடும். ராஜபாளையம் கடையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் கடையிலும் ஒரே நாளில் 1,500 ரூபாய்க்கு ஒரே துணி விற்றிருக்க, பட்டியலில் கடைப் பெயரும் பில் நம்பரும் இல்லையென்றால் ஒரு விற்பனை போய்விடும். இரண்டும் வேண்டுமானால் ‘யூனியன் ஆல்’ என்று எழுத வேண்டும். ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு நியாயம் இருப்பதைப் பயிற்சி வகுப்புகள் ஒரு வரியில் தாண்டிப் போவது வருத்தத்துக்குரியது.

டேட்டாபேஸிலேயே உண்மையாக இரட்டித்துக் கிடப்பது வேறு ரகம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஒருவரும் திருவில்லிபுத்தூர் என்று இன்னொருவரும் ஏற்றினால் ஒரே வாடிக்கையாளர் இருவராகிவிடுவார். டிஸ்டிங்க்ட் அங்கே உதவாது. வாக்காளர் பட்டியலிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 2025 டிசம்பரில் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலிலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவை என்று மட்டும் சுமார் 3.39 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரே வாக்காளர் அட்டை எண் இருவரிடம் இருப்பதாலேயே அவர்கள் போலி வாக்காளர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று அதே ஆண்டு மார்ச்சில் தேர்தல் ஆணையம் விளக்க வேண்டியிருந்தது. முன்பு மாநிலங்கள் தனித்தனியே எண் கொடுத்தபோது ஒரே எண் வரிசை வெவ்வேறு மாநிலங்களில் புழங்கியிருந்தது. அடையாளம் எது என்று தீர்மானிக்காமல் நீக்கப் புறப்பட்டால் இழப்பு மனிதர்களுக்கு.

கணக்கருக்கு வேண்டியது நீக்கும் கட்டளை அல்ல. பட்டியலின் ஒவ்வொரு வரியும் எதைக் குறிக்க வேண்டும் என்று அவர் முதலில் முடிவு செய்ய வேண்டும்: பில்லையா, சரக்கையா, தவணையையா? பில் என்றால், வரவு டேபிளை பில் நம்பர் வாரியாக முதலிலேயே கூட்டி ஒரு வரியாக்கிக்கொண்டு, அதன் பிறகு பில்லோடு இணைக்கலாம். சரக்கு விவரத்தை இந்தப் பட்டியலுக்குள் இழுக்கவே வேண்டாம். அப்போது திரையில் வருவது: பில் 42,000, வரவு 42,000, பாக்கி பூஜ்யம். ஒரே வரி.