மருந்தா, விஷமா? கடைசி நிமிஷம் உங்க கையில்!

மருந்தை எழுதறது டாக்டர். எடுத்துக் கொடுக்கறது ஃபார்மஸிஸ்ட். சரி, அந்த மருந்து பேஷன்ட்டோட ரத்தத்துல கலக்கிற கடைசி நிமிஷத்துல சிரிஞ்ச் யார் கையில் இருக்கு?

உங்க கையில்தான்! பி.எஸ்ஸி. நர்ஸிங், ஜி.என்.எம். படிக்கிற தோழிகளே, தோழர்களே... நாளைக்கு வார்டில் உங்களை 'சிஸ்டர்', 'பிரதர்' என்று நம்பிக் கூப்பிடப்போகிற ஒருத்தருக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஃபார்மகாலஜி என்றாலே 'மருந்துப் பெயரை டப்பா அடிச்சு பாஸ் பண்ற பேப்பர்' என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். ஆனால், பரீட்சை முடிந்த பிறகுதான் இந்த சப்ஜெக்ட்டே ஆரம்பிக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் போய் "அப்பா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "வயலுக்கு மருந்தடிக்கப் போயிருக்காரு" என்பார்கள். பூச்சியைக் கொல்வதற்கும் அதே வார்த்தை, ஆளைப் பிழைக்க வைப்பதற்கும் அதே வார்த்தை! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்ம பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. அந்த 'அளவு' எது என்று சொல்லித்தருவதுதான் ஃபார்மகாலஜி.

அடிப்படை ரொம்ப சிம்பிள். ரெண்டே கேள்விகள். மருந்து உடம்பை என்ன செய்யுது? இது ஃபார்மகோடைனமிக்ஸ். உடம்பு மருந்தை என்ன செய்யுது? எப்படி உள்ளே வாங்கி, எங்கெல்லாம் கொண்டுபோய், எங்கே சிதைச்சு, எந்த வழியா வெளியே தள்ளுது? இது ஃபார்மகோகைனெட்டிக்ஸ். இந்த ரெண்டையும் புத்தகத்தை விட்டு வெளியே எடுத்து, நெல் விளையும் டெல்டா மண்ணிலேயே பார்த்துடுவோமா?

பாம்புக்குத் தெரியுமா எடை?

நாற்றங்காலில், வரப்பில், வைக்கோல் போரில் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பும் இருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் நம் நாட்டில் கிடைக்கிறது. இதைத் தயாரிக்க முதலில் பாம்பின் விஷம் வேண்டுமே? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம்தான் இதற்குப் பெரிய ஆதாரம். பாம்பு பிடிக்கும் கலைக்காக இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த விஷத்தை ரொம்பக் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, பவுடராக்கிக் குப்பியில் அடைத்து அனுப்புவார்கள்.

இப்போ ஒரு கேள்வி. 60 கிலோ எடையுள்ள விவசாயிக்கு முதல் டோஸ் 10 குப்பி. 15 கிலோ குழந்தைக்கு?

'கிலோ கணக்குப் போட்டு ரெண்டரை குப்பி' என்று சொன்னீர்களா? தப்பு! குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். ஏன்? இந்த மருந்து வேலை செய்வது உடம்பின் மேல் அல்ல, உள்ளே போன விஷத்தின் மேல். 'ஐயோ, சின்னப் புள்ளை' என்று பாம்பு விஷத்தைக் குறைத்தா விடுகிறது? குழந்தைக்கு மருந்து என்றாலே எடைக்கு ஏற்ற அளவு என்று மனப்பாடம் செய்தவர், இங்கே டாக்டர் சரியாக எழுதியதைக்கூடத் தப்பு என்று நினைத்துவிடலாம். மருந்து எங்கே வேலை செய்கிறது என்று புரிந்தவருக்கு அந்தக் குழப்பமே வராது.

ஒவ்வொரு குப்பிக்கும் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு, மெதுவாகச் சுழற்றிக் கரைக்கணும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும். குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு அலர்ஜி திடீரென்று வெடிக்கும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், பி.பி. சரிவு... அதனால் மருந்து சொட்ட ஆரம்பிக்கும் முன்பே அட்ரினலின் சிரிஞ்ச்சில் ஏற்றித் தயாராக இருக்கணும். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். அப்போ ஆம்ப்யூலைத் தேடி ஓடக் கூடாது!

இன்னொரு சுவாரஸ்யம். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க மெஷின்கூட வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய டியூபாக இருந்தால் ரிசல்ட்டே பொய்யாகிவிடும். மருந்து கொடுத்த பிறகு, அடுத்த டெஸ்ட் ஏன் 6 மணி நேரம் கழித்து? விஷம் அழிந்தாலும், ரத்தம் உறையத் தேவையான பொருட்களைக் கல்லீரல் மறுபடி உற்பத்தி செய்ய அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் மருந்து வீண்.

21 ஆம்ப்யூலா? கை நடுங்குதே!

முகத்தில் துணிகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று வயலுக்கு மருந்தடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாயில் எச்சில் ஒழுகுது, வேர்த்துக் கொட்டுது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது, நெஞ்சில் சளி கொரகொரக்குது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியின் வேலை இது.

நம் நரம்புகள் அசிடைல்கோலின் என்ற பொருள் மூலம்தான் சேதி அனுப்புகின்றன. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை அழிக்க ஒரு என்சைம் இருக்கிறது. பூச்சிக்கொல்லி அந்த என்சைமை முடக்கிவிடுகிறது. காலிங் பெல்லை அழுத்திய விரலை யாருமே எடுக்காத மாதிரி, சேதி போய்க்கொண்டே இருக்கும்! அட்ரோபின் என்ன செய்யும்? அசிடைல்கோலின் உட்காரவேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். விஷம் எவ்வளவோ, அவ்வளவு நாற்காலிகளைப் பிடிக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் போடும்போது 0.6 மி.கி. ஆம்ப்யூல் ஒன்றே போதும். இங்கே அப்படி இல்லை. 3 ஆம்ப்யூலில் ஆரம்பித்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்குவார்கள். 3, 6, 12... பத்தே நிமிடத்தில் 21 ஆம்ப்யூல்! விஷயம் தெரியாத நர்ஸுக்குக் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால், இப்படி இரட்டிப்பாக்கி, பிறகு ட்ரிப்ஸில் தொடர்வதை பங்களாதேஷின் சிட்டகாங்கில் 156 பேரிடம் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் இறந்தார்கள். புதிய முறையில் 8 பேர். வித்தியாசம் புரியுதா?

எப்போ நிறுத்துவது? ஆம்ப்யூல் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து. நெஞ்சு தெளிவாகணும், அக்குள் காயணும், நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டணும், பி.பி. ஏறணும். இதைத் தாண்டிப்போனால் அட்ரோபினே விஷமாகும். ஜுரம், உளறல், வயிற்றில் குடல் சத்தமே இல்லாத அமைதி என்று அது தன் அறிகுறியைக் காட்டும். ராத்திரி முழுக்க இதைப் பார்த்துக் குறித்துவைக்கப்போவது யார்? நீங்கதான்!

ஒரு எச்சரிக்கை. அட்ரோபின் சளியைக் காயவைக்கும், தசைத் தளர்ச்சியைச் சரிசெய்யாது. "தலையைக் கொஞ்சம் தூக்குங்கய்யா" என்று அடிக்கடி சொல்லிப் பாருங்கள். தலையணையை விட்டுத் தலை எழும்பவில்லை என்றால், மூச்சு விடும் தசையும் தளரலாம். உடனே டாக்டரைக் கூப்பிடணும். அவர் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவும்போது நீங்களும் கையுறை போட மறக்காதீங்க.

முழங்காலில் ஒரு தட்டு

தஞ்சாவூர் நகரின் நடுவே இருக்கிற ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியைப் பிரசவ ஆஸ்பத்திரியாகத்தான் ஊருக்குத் தெரியும். இதுபோன்ற பிரசவ வார்டுகளில் தினமும் புழங்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். கர்ப்பகால பி.பி. எகிறி வலிப்பு வருவதைத் தடுப்பது. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து, 2002-ல் வெளியான 'மேக்பை' ஆய்வு, வலிப்பு அபாயத்தை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது.

அருமையான மருந்துதான். ஆனால், பலன் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வெளியேறும் வழியும் ஒன்றே ஒன்றுதான், சிறுநீரகம்! அதனால்தான் தசையில் அடுத்த டோஸ் போடும் முன் மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள். முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா? நிமிடத்துக்கு 16 முறையாவது மூச்சு விடுகிறாரா? மணிக்கு 30 மி.லி.யாவது சிறுநீர் போகிறதா? மருந்து கூடும்போது முதலில் போவது முழங்கால் உதறல், அதற்குப் பிறகே மூச்சு. அதாவது, அந்த ஒரு தட்டு உங்களுக்கு முன்கூட்டியே மணி அடிக்கிறது. 'நேரம் ஆயிடுச்சு' என்பதற்காக மட்டும் ஊசி போட்டுவிடாதீங்க. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கணக்கு டீச்சர் சொன்னது சரிதான்

'நர்ஸிங்குக்கு வந்தாச்சு, இனிமே கணக்கு இல்லை' என்று சந்தோஷப்பட்டீர்களா? ஸாரி! மெக்னீசியம் ஆம்ப்யூலில் 50% என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 100 மி.லி.யில் 50 கிராம், 2 மி.லி.யில் 1 கிராம்.

இன்சுலினில் இன்னும் ஆபத்து. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்ச்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்ச்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்சில் '20' கோடு வரை எடுத்தால் உண்மையில் போவது 8 யூனிட். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்ச்சில் அதே கோடு வரை எடுத்தால் 50 யூனிட்! சர்க்கரை தடாலென்று இறங்கி, தூங்குகிறார் என்று நினைக்கிற ஆள் மயக்கத்தில் கிடப்பார்.

ஐந்து சரிகள்... ஆறாவதாக ஒரு 'ஏன்?'

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தும் உங்களுக்கு அத்துப்படி. ஆனால், கேஸ் ஷீட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று மட்டுமே இவை சொல்லும். 'இந்த ஆளுக்கு, இந்த நேரத்தில், இது ஏன்?' என்ற கேள்விக்கு ஃபார்மகாலஜிதான் பதில்.

அந்தக் கேள்வி விடுபட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் மருத்துவமனையில் 2017 டிசம்பரில் நடந்தது இது. ஸ்கேனுக்கு வந்த 75 வயதுப் பெண்மணிக்குப் பதற்றம் குறைய 'வெர்செட்' என்ற மருந்து கொடுக்க வேண்டும். நர்ஸ் ரடோண்டா வாட், மருந்து அலமாரிக் கம்ப்யூட்டரில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். வந்தது தசைகளை முடக்கும் 'வெக்குரோனியம்'. வெர்செட் திரவம், வெக்குரோனியம் பவுடர். கரைக்கும்போதுகூட 'இது ஏன் பவுடராக இருக்கு?' என்ற சந்தேகம் அவரை நிறுத்தவில்லை. பெண்மணி இறந்துபோனார். தவறைத் தானே ஒப்புக்கொண்ட அந்த நர்ஸின் லைசென்ஸ் 2021-ல் பறிபோனது. 2022-ல் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. 'இப்படித் தண்டித்தால் யார் தவறை வெளியே சொல்வார்கள்?' என்று அமெரிக்க நர்ஸ்கள் கொதித்தார்கள். அதுவும் நியாயமான கேள்விதானே?

டூட்டிக்குப் போகும் முன்...

* லேபிளை மூன்று முறை படியுங்க. எடுக்கும்போது, நிரப்பும்போது, கொடுக்கும் முன்.

* "நீங்கதானே செல்வி?" என்று கேட்காதீங்க. அரைத் தூக்கத்தில் யாரும் "ஆமா" என்பார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேளுங்க.

* அவசரத்தில் டாக்டர் வாயால் சொல்லும் டோஸைத் திருப்பிச் சொல்லி, 'சரி' வாங்கிக்கொண்டு போடுங்க.

* கையெழுத்து புரியலையா? கேளுங்க. யூகிக்காதீங்க. "இதுகூடத் தெரியாதா?" என்ற திட்டு ஒரு நிமிஷம்தான் வலிக்கும்.

* மருந்தால் பக்கவிளைவு வந்தால் நர்ஸும் புகார் பதியலாம். 2010-ல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024.

டோஸ் விவரங்களைப் படித்துவிட்டு நேரே சிரிஞ்ச்சை எடுத்துவிடாதீங்க. உங்க ஆஸ்பத்திரி விதிமுறையும் டாக்டரின் உத்தரவும்தான் முதலில். ஆனால், அந்த உத்தரவு ஏன் என்று புரிந்துகொண்டு செய்யும் நர்ஸ் பக்கத்தில் இருந்தால் டாக்டருக்கே ஒரு தைரியம் வரும். நாற்று நட்ட கையோடு வந்து படுத்திருக்கிற அந்த அம்மாவுக்கோ, உங்க மேல் இருக்கிற நம்பிக்கைதான் முதல் மருந்து. அடுத்த கிளாஸில் ஃபார்மகாலஜி மேடம் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால், இந்தத் தடவை தயங்காம கையைத் தூக்குவீங்கதானே?