இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் வானூர்திகள்

சூப்பர்மரைன் ஸ்பிட்ஃபயர் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த ஒற்றை இருக்கை பிரித்தானியச் சண்டை வானூர்தி ஆகும். ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்த இது, 1936 மார்ச் 5 அன்று முதன்முதலில் பறந்தது. மொத்தம் 20,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. போருக்குப் பின்னரும் இந்திய வான்படையில் சுமார் பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்ததால், உலகில் எஞ்சியுள்ள ஸ்பிட்ஃபயர்களுள் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி இந்தியாவிலிருந்து மீட்கப்பட்டவையாகும்.

இந்திய வான்படையில்

இந்தியப் படையணிகள் 1944 முதல் இவ்வானூர்தியைப் பெறத் தொடங்கின. 1947 இறுதியில் காசுமீரில் போர் மூண்டபோது, அம்பாலா பயிற்சிப் பள்ளியின் ஸ்பிட்ஃபயர்களும் டெம்பெஸ்ட் வானூர்திகளும் தாக்குதலில் ஈடுபட்டன. மெர்லின் பொறி கொண்ட 8ஆம் வகை, கிரிஃபன் பொறி கொண்ட 14, 18ஆம் வகைகள் ஆகியன பயன்படுத்தப்பட்டன. இவற்றுள் 18ஆம் வகை உலகப் போரில் பங்கேற்கும் முன்பே போர் முடிந்துவிட்டது. வாம்பயர் முதலிய தாரை வானூர்திகள் வந்ததும், 1950களில் ஸ்பிட்ஃபயர்கள் படிப்படியாக விலக்கப்பட்டன.

ஓய்வுக்குப் பின்

விலக்கப்பட்டவற்றுள் பல உடைக்கப்பட்டன. சில, தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிற்சிப் பொருட்களாகவும், தளங்களில் காட்சிப் பொருட்களாகவும் நிறுத்தப்பட்டதால் தப்பின. 1970களின் இறுதியில் ஹேடன்-பெய்லி சகோதரர்களின் முயற்சியால் பல ஸ்பிட்ஃபயர்கள் வாங்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவர்களுள் ஓர்மண்ட் 1977இல் ஜெர்மனியில் நேர்ந்த மஸ்டாங் வானூர்தி விபத்தில் இறந்தார். அவருடைய சகோதரர் வென்ஸ்லி பணியைத் தொடர்ந்தார்.

பெங்களூர் ஜாலஹள்ளியில் பயிற்சிக்கு வைக்கப்பட்டிருந்த எம்.வி. 293 இவ்வாறு சென்று, சீரமைக்கப்பட்டு, 1992இல் டக்ஸ்ஃபோர்டில் மீண்டும் பறந்தது. ஜெய்ப்பூரிலிருந்து மீட்கப்பட்ட எம்.டி. 719, இத்தாலியில் சீரமைக்கப்பட்டு 1982இல் பறந்தது.

சீரமைப்பும் சிக்கலும்

ஸ்பிட்ஃபயரின் மக்னீசியக் கலவைத் தறையாணிகள் காலப்போக்கில் அரிக்கப்படுகின்றன. ஆகவே அதனை மீண்டும் பறக்கச் செய்ய, தறையாணிகளையும் தகடுகளையும் பெருமளவில் மாற்ற வேண்டியுள்ளது. பறக்கவிட்டால் பழைய பொருள் குறைகிறது. அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் பொறியின் ஒலியும் இயக்கமும் மறைகின்றன. பறத்தலில் இழப்புக்கும் இடமுண்டு. இந்தியாவில் பணியாற்றிய எஸ்.எம். 845, 2000இல் மீண்டும் பறந்து, 2010இல் நார்வேயில் விழுந்து நொறுங்கியது, விமானி உயிரிழந்தார்.

இந்தியாவில் எஞ்சியவை

தில்லி பாலத்திலுள்ள இந்திய வான்படை அருங்காட்சியகத்தில் 18ஆம் வகை ஸ்பிட்ஃபயர் ஒன்று காட்சிக்கு உள்ளது. 8ஆம் வகையைச் சேர்ந்த என்.எச். 631, வான்படையின் பழமை வானூர்திப் பிரிவில் 1980களில் பறந்தது. பின்னர் பறப்பது நிறுத்தப்பட்டது. 2018இல் டக்கோட்டா போக்குவரத்து வானூர்தி ஒன்று இங்கிலாந்தில் சீரமைக்கப்பட்டு வான்படையில் சேர்க்கப்பட்டது. காசுமீரப் போரில் டக்கோட்டாக்களுடன் பங்கேற்ற ஸ்பிட்ஃபயர் வகையைப் பறக்கும் நிலையில் காண, வெளிநாட்டு வான் காட்சிகளுக்கே செல்ல வேண்டியுள்ளது.