68 அணுக்களுக்கு யார் சொந்தக்காரர்?

வீட்டில் காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று நிச்சயம் இருக்கும். பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, மாத்திரையைப் பிரிக்காமல், பின்பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெயர் இருக்கும். அது கம்பெனி வைத்த பெயர். அதோடு 'பாராசிட்டமால்' என்று இன்னொரு பெயரும் இருக்கும். அது வேதிப்பொருளின் பெயர். பக்கத்திலேயே 'ஐ.பி.' என்று இரண்டு எழுத்துகள் தெரிகிறதா? இந்திய அரசின் மருந்துத் தர நூலில் சொல்லியிருக்கிறபடி தயாரித்தது என்று அதற்கு அர்த்தம்.

பத்துக் கம்பெனிகளின் மாத்திரையை வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே பாராசிட்டமால்தான். மருந்து தயாரிக்க உரிமம் வைத்திருக்கும் எந்தக் கம்பெனியும் அதைச் செய்து விற்கலாம். ஆனால், சில மருந்துகளை ஒரே ஒரு கம்பெனிதான் விற்க முடியும். மற்ற கம்பெனிகளுக்குச் செய்யத் தெரியாது என்பதில்லை. செய்யக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அந்தத் தடையைத் தருவதுதான் காப்புரிமை, அதாவது பேட்டன்ட்.

கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறை 'இது என்னுடையது' என்று ஒருவர் சொல்ல முடியுமா? எத்தனை வருடத்துக்கு? 'இமாட்டினிப்' என்ற மருந்தின் கதையில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு பாதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் நடந்தது. மறுபாதி நம் சென்னையில் நடந்தது.

சாப்பாட்டு மேசையில் குரோமோசோம்கள்

1960-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், ஒருவகை இரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு குரோமோசோம் மட்டும் அளவில் குட்டையாக இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

1973-இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரவ்லி விடை கண்டார். குரோமோசோம் படங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த 'விளையாட்டில்'தான் உண்மை வெளிப்பட்டது. 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு காணாமல் போகவில்லை. அது 9-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருந்தது. 9-இன் துண்டு ஒன்று 22-க்கு வந்திருந்தது. இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட்டன!

இப்படி மாறியதால் தனித்தனியாக இருந்த இரண்டு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டு மரபணு ஒரு கோளாறான புரதத்தை உண்டாக்கியது. கைனேஸ் என்ற வகையைச் சேர்ந்த நொதி அது. கைனேஸ்களின் வேலை என்ன? ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஒட்டுவது. பாஸ்பேட் ஒட்டினால் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு, 'செல்லே, வளர்ந்து இரண்டாகப் பிரி' என்பது போன்ற தகவலை அடுத்த இடத்துக்குக் கடத்தும். நல்ல கைனேஸ் தேவையானபோது வேலை செய்யும், பிறகு நின்றுவிடும். இந்தக் கோளாறான கைனேஸுக்கு நிற்கவே தெரியாது. அதனால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகின.

ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்

பாசல் நகரத்தில் சீபா-கெய்கி என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அங்கே அலெக்ஸ் மாட்டர், நிக்கோலஸ் லைடன் ஆகியோர் கைனேஸ்களை நிறுத்தும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏ.டி.பி. வந்து உட்கார்வதற்கு கைனேஸில் ஒரு குழி இருக்கிறது. வேறொரு மூலக்கூறு முந்திக்கொண்டு அந்தக் குழியில் உட்கார்ந்துவிட்டால் ஏ.டி.பி.க்கு இடமில்லை, வேலை நின்றுபோகும். யோசனை நல்லதுதான். ஆனால், நம் உடம்பில் 500-க்கும் அதிகமான கைனேஸ்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நிறுத்தினால் நோயாளியே பிழைக்க மாட்டார். கோளாறானதை மட்டும் எப்படிப் பிடிப்பது?

இந்த வேலை யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளரிடம் வந்தது. அவர் கையில் எடுத்த முதல் மூலக்கூறு, 'புரோட்டீன் கைனேஸ் சி' என்ற வேறொரு நொதியைத்தான் நிறுத்தியது. அந்த மூலக்கூறில் அங்கே ஒரு தொகுதியைச் சேர்ப்பார், இங்கே ஒன்றை மாற்றுவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதுச் சேர்மம், ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு சோதனை.

ஒருமுறை, குறிப்பிட்ட ஓர் இடத்தில் மெத்தில் தொகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். மெத்தில் என்பது ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அந்தச் சின்னத் தொகுதி மூலக்கூறின் வடிவத்தைச் சற்றே திருப்பியது. உடனே 'கைனேஸ் சி'-யின் குழி அதற்குப் பொருந்தாமல் போனது. பிடிக்க வேண்டிய கைனேஸ்மேல் முந்தைய மாற்றங்களால் கிடைத்திருந்த பிடி மட்டும் விடவில்லை!

இன்னொரு தொல்லை மிச்சம் இருந்தது. அந்தச் சேர்மம் தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. கரையாத மருந்தை விழுங்கி என்ன பயன்? நைட்ரஜன் உள்ள பைப்பரசின் வளையம் ஒன்றை ஓரத்தில் மாட்டினார்கள். அதுவும் தீர்ந்தது. கடைசியில் கிடைத்த மூலக்கூறில் கார்பன் 29, ஹைட்ரஜன் 31, நைட்ரஜன் 7, ஆக்சிஜன் 1. கூட்டிப் பாருங்கள், 68 அணுக்கள். அதுதான் இமாட்டினிப்.

அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரக்கர் இதைப் புற்றுநோய்ச் செல்களில் சோதித்தபோது அவை செத்தன, நல்ல செல்கள் பிழைத்தன. 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த முதல் சோதனையில் தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியான அளவுக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இதற்கிடையே, 1996-இல் சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் என்று ஆகியிருந்தன.

ரகசியத்தைச் சொன்னால் உரிமை

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை மறுநாளே இன்னொருவர் பார்த்துச் செய்து விற்றால் நியாயமா? இல்லை. அதற்காகத்தான் காப்புரிமை. இதில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கண்டுபிடித்தவர், 'என் பொருள் இது, இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். அரசாங்கம் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் அவர் அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. 20 வருடம் முடிந்தால் அது ஊர்ச் சொத்து.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள். காப்புரிமை அலுவலகம் மூன்று கேள்விகள் கேட்கும். இது உலகத்துக்கே புதியதா? அந்தத் துறை தெரிந்த எவருக்கும் சுலபமாகத் தோன்றிவிடாத யோசனையா? தொழிலில் பயன்படுமா?

இமாட்டினிப் மூலக்கூறுக்கு 1993-லேயே அமெரிக்காவில் விண்ணப்பித்துவிட்டார்கள். விற்பனைக்கு வந்ததோ 2001-இல். சோதனைகளிலேயே 8 வருடம் போய்விட்டது. அதனால் மருந்துக் கம்பெனிகள் முதல் மூலக்கூறோடு நிற்பதில்லை. அதன் உப்புக்கு ஒன்று, படிகத்துக்கு ஒன்று என்று அடுத்தடுத்துக் காப்புரிமை கேட்கும். பிந்தைய காப்புரிமை பிந்தித்தானே முடியும்? தகராறு இங்கேதான் தொடங்கியது.

இந்தியா போட்ட நிபந்தனை

வெள்ளைக்காரர் காலத்துக் காப்புரிமைச் சட்டத்தை மாற்றுவது பற்றி ஆராயும் பொறுப்பை, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் மத்திய அரசு ஒப்படைத்தது. அவர் 1959-இல் அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டி 1970-இல் புதுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே, ஒரு கம்பெனி 'அ' வழியில் செய்யும் மருந்தை, இன்னொரு கம்பெனி 'ஆ' வழியைக் கண்டுபிடித்துச் செய்யலாம். நம் ஊர் வேதியியலாளர்கள் இப்படி மாற்று வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். மருந்து விலை குறைந்தது.

1995-இல் உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடானது. அதன் விதிப்படி, 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் சட்டத்தின் 3(டி) பிரிவைத் திருத்தி ஒரு நிபந்தனை போட்டது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், அது முன்னதைவிட நன்றாகப் பலன் தருகிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே ஆகாது.

சென்னைக்கு வந்த விண்ணப்பம்

1998 ஜூலையிலேயே நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தது. அது இமாட்டினிப் மூலக்கூறுக்கானது இல்லை. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிகத்துக்கானது.

படிகத்தில் என்ன பீட்டா, ஆல்ஃபா? ஒரே செங்கல் லோடைப் படுக்கவைத்தும் அடுக்கலாம், நிறுத்திவைத்தும் அடுக்கலாம். கல் மாறவில்லை, அடுக்கு மாறுகிறது. மூலக்கூறுகளும் இப்படிப் பல விதமாக அடுக்கிக்கொண்டு வெவ்வேறு படிகங்கள் ஆகும். பீட்டா படிகத்தின் தூள் நன்றாக உதிர்ந்து ஓடும், காற்றின் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, கெடாமல் உறுதியாக இருக்கும். மாத்திரை அச்சிடுகிறவர்களுக்கு இதெல்லாம் வசதிதான்.

ஆனால், வயிற்றுக்குள் போய்க் கரைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. இரத்தத்தில் கலந்து, கைனேஸின் குழியில் போய் உட்காருவது பழைய அதே 68 அணு மூலக்கூறுதான். பிறகு நோயாளிக்குப் புதிதாகக் கிடைத்த நன்மை என்ன?

இந்தக் கேள்வி அவசரமானது. ஏனென்றால், அப்போது நோவார்ட்டிஸ் மருந்துக்கு ஒரு மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்கு மாதம் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய் வரைதான் ஆனது. தாங்கள் நிறைய நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுப்பதாக நோவார்ட்டிஸ் சொன்னது, கொடுக்கவும் செய்தது. ஆனால், காப்புரிமை கிடைத்துவிட்டால் மலிவான மருந்தை யாரும் செய்ய முடியாதே என்று புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தன.

சட்டம் மாறிய பிறகு, 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி வழக்குப் போட்டது. 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2009-இல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு வந்தது. மருந்தின் பலன் என்றால் அது நோயைக் குணப்படுத்தும் பலன்தான். தூள் நன்றாக ஓடுவதும் ஈரம் பிடிக்காததும் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே பீட்டா படிகத்துக்குக் காப்புரிமை இல்லை!

மருந்தில் செய்யும் சிறு முன்னேற்றத்துக்கும் ஆராய்ச்சி தேவை, அதற்குப் பரிசு இல்லையென்றால் யார் செய்வார்கள் என்று கம்பெனி கேட்டது. அதிலும் நியாயம் உண்டு. நீதிமன்றமும் கதவை ஒரேயடியாக அடைத்துவிடவில்லை. படிப்படியான முன்னேற்றம் எல்லாமே காப்புரிமைக்குத் தகுதியற்றது என்று இதற்குப் பொருள் இல்லை என்று தீர்ப்பிலேயே தெளிவுபடுத்தியது.

எனக்குத் தோன்றுவது இதுதான். சிம்மர்மனும் நண்பர்களும் அந்த மெத்தில் தொகுதியைச் சரியான இடத்தில் வைத்ததற்கு ஒரு பரிசு கொடுத்தே ஆக வேண்டும். அது ஓர் உயிர் காக்கும் கண்டுபிடிப்பு. ஆனால், அதே மூலக்கூறின் அடுக்கை மாற்றியதற்கு இன்னொரு பரிசு அதிகம். 2015-இல் உலக சுகாதார அமைப்பு, எல்லா நாடுகளிலும் கிடைக்க வேண்டிய அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இமாட்டினிப்பைச் சேர்த்தது. 2016-இல் அமெரிக்காவிலும் மற்றக் கம்பெனிகளின் இமாட்டினிப் விற்பனைக்கு வந்துவிட்டது.

காப்புரிமை ஆவணங்களை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இணையத்தில் படிக்கலாம். படம், சோதனை, செய்முறை எல்லாம் இருக்கும். வேதியியல் ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். அதில் 'புதியது' என்று எழுதியிருக்கும் இடத்தில் நிறுத்தி, என்ன மாறியிருக்கிறது, அதனால் யாருக்கு நன்மை என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பற்பசை விளம்பரத்திலும் 'புதியது' என்றுதான் போட்டிருக்கும், அங்கேயும் கேளுங்கள்.