காதை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்



நான் படித்தது பொதுத் தொடர்புத் துறை டிப்ளோமா, பொறியியல் அல்ல. ஆனாலும் ஸ்டூடியோவில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பதிவு தொடங்குமுன் ஒலிப் பொறுப்பாளர் 1,000 ஹெர்ட்ஸ் ஓசையை அனுப்பி, மீட்டர் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். அளவு தெரிந்த ஒன்றை ஒரு முனையில் கொடுத்து மறுமுனையில் அளப்பது. அமெச்சூர் வானொலிக்கும் இதே வழிதான்.

கோலசிலாங்கூர் தோட்டப்புறத்தில் இருக்கும் ஒருவருக்கு ஷா ஆலாம் நண்பரின் குரல் மங்கலாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பழி செம்பனை மீது விழும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானதே இம்மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! அதன் மட்டைகள் 145 மெகாஹெர்ட்ஸ் அலையை ஓரளவு விழுங்கும் என்பது உண்மையே. அதனால் ஏரியலை மரத்துக்கு மேலே ஏற்றுகிறோம். ஏரியல் உயர்ந்தால் கேபிளும் நீள்கிறது. அந்தக் கேபிளே சிக்னலைத் தின்றுவிடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

மெல்லிய ஆர்ஜி-58 ரகக் கேபிள் 30 மீட்டர் ஓடினால் சுமார் 6 டெசிபல் இழப்பு. 3 டெசிபல் குறைந்தால் பாதி. 6 குறைந்தால் கால். 50 வாட் அனுப்பினால் ஏரியலைச் சேர்வது 12 வாட் சொச்சம்!

பால்மரக் காட்டில் வாளியைத் தூக்கிப் பார்த்தே எடை சொன்னால் நம்மவர்கள் ஒப்புக்கொள்வார்களா? தராசும் வேண்டும், எடைக்கல்லும் வேண்டும். வானொலியில் சிக்னல் ஜெனரேட்டர்தான் எடைக்கல். லெவல் மீட்டர்தான் தராசு.

புதிதாக வாங்கினால் விலை தாங்காது. ஆனால் ஆய்வுக்கூடங்கள் கழித்துவிட்ட ஹியூலட்-பேக்கார்ட் 8640பி போன்ற ஜெனரேட்டர்கள் பழைய பொருளாகக் கிடைக்கின்றன. 1970களில் வந்த இது 512 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். லெவல் மீட்டர் தொலைபேசித் துறை தந்த சீதனம். அந்நாளில் ஒரே கேபிளில் பல உரையாடல்களை 4 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கி அனுப்பினார்கள். அவற்றைத் தனித்தனியே அளக்கப் பிறந்தது இது. இலக்கமுறையும் ஒளியிழையும் வந்ததும் வேலை இழந்தது. ஹியூலட்-பேக்கார்ட் 3586 ரகம் 32.5 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலை வேலைக்கும் ஃபில்டர்களைச் சோதிக்கவும் அருமையானது.

145 மெகாஹெர்ட்ஸில் கேபிளைச் சோதிக்க ஜெனரேட்டர் மட்டுமே போதும். அதைக் குட்டை வயரில் நேராக வானொலியில் இணைத்து, வானொலியின் சிக்னல் மீட்டர் ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தொடும்வரை அளவைக் கூட்டுங்கள். டயல் மைனஸ் 100 டிபிஎம் காட்டுகிறது என்போம். (0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட்.) இனி ஏரியலிலிருந்து கழற்றிய நீளக் கேபிளை இடையில் சேருங்கள். அதே கோட்டைத் தொட மைனஸ் 94 தேவைப்பட்டால் இழப்பு 6 டெசிபல். 10, 12 என்று வந்தால் இணைப்பில் மழைநீர் புகுந்திருக்கலாம். வானொலியைக் குறை சொல்லுமுன் கேபிளை மாற்றுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். ஜெனரேட்டர் இணைந்திருக்கும்போது மைக் பொத்தானை அழுத்தாதீர்கள்; நீங்கள் அனுப்பும் வாட் அதன் உள்ளுறுப்பை எரித்துவிடும். மைக்கையே கழற்றி வைப்பது உத்தமம். அடுத்து, தொலைபேசிக் கருவிகளில் 75 ஓம், 600 ஓம் இணைப்புகள் உண்டு. நமக்கு வேண்டியது 50 ஓம். கடைசியாக, பிளக்கைச் செருகுமுன் மின்னழுத்தச் சுவிட்ச் 240இல் இருக்கிறதா, எர்த் வயர் உள்ளதா என்று பாருங்கள்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் குழு அமெச்சூர் வானொலிக்காக அந்தமானில் இருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கி மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, அவர்களின் வானொலிதான் உறவினர்களுக்குச் செய்தி சொன்னது. 2021 டிசம்பரில் நம் சிலாங்கூரையே வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய இரவில் ஏரியலைச் சேர்வது 12 வாட்டா, 40 வாட்டா என்பது சிறிய விஷயமல்ல.

தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறியைப் பெற்ற பின்பே ஒலிபரப்ப வேண்டும். அதுவரை கேட்கலாம், அளக்கலாம், கற்கலாம். தோட்டத்து இளைஞர்களே, முயன்று பாருங்கள்.