வளை இல்லாத முயலும் நிற்கத் தெரிந்த நாயும்

வேட்டை நாய் வளர்க்கும் ஆசை இலங்கையின் கிழக்கிலுள்ள இளைஞர்களுக்கு இன்றும் உண்டு. எந்த நாய், என்ன பழக்கம், எந்த வேலைக்கு என்ற கேள்விகளுக்குத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரின் மண்ணே பதில் வைத்திருக்கிறது.

சம்பூரின் பற்றைக்காட்டில் ஓடும் முயலுக்கு வளை கிடையாது. பகல் முழுவதும் புல் மூட்டுக்குள், தன் உடலளவே உள்ள ஒரு பள்ளத்தில் அசையாமல் படுத்திருக்கும். இருட்டியதும் மேய வரும். ஆபத்து நெருங்கினால் மண்ணுக்குள் இறங்காது. வெளியில் பாய்ந்து ஓடி, வளைந்து திரும்பி, துரத்தி வருவதைத் தடுமாற வைக்கும். பிடரி கறுத்த இந்த முயல்தான் இலங்கையில் உள்ள ஒரே காட்டு முயல். ஐரோப்பாவின் குழிமுயல் வேறொரு விலங்கு. அது கூட்டமாக மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. அதன் குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம் முயலின் குட்டியோ மயிரும் திறந்த கண்ணுமாக வெட்டவெளியில் பிறந்து விடுகிறது. வேட்டையின் முறை, நாயின் உடல்வாகு, அதைப் பழக்கும் விதம் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளை பிரிகின்றன.

பிரித்தானிய நாட்டுப்புறத்தில் ஒல்லியான ஓட்ட நாயொன்றையும் பெட்டிக்குள் ஒரு சிறு பிராணியையும் எடுத்துக்கொண்டு முயல் பிடிக்கப் போகிறவர்களின் காணொளிகள் இன்று எல்லோர் கைப்பேசியிலும் வருகின்றன. அவற்றைப் பார்க்கிற நம் பையனுக்கு, ‘நாமும் இங்கே இப்படிச் செய்தால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. அவனைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. விளங்கச் சொல்லத்தான் வேண்டும்.

வளைக்குள் ஒன்று, வெளியே ஒன்று

அந்த ஓட்ட நாயின் பெயர் லர்ச்சர். அது தனி இனமல்ல. கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற வேக நாயை, சொல் கேட்கும் கோலியோடோ துணிச்சல் மிக்க டெரியரோடோ சேர்த்துப் பெறும் கலப்பு. வேகம் ஒரு பக்கத்திலிருந்தும் புத்தி மறு பக்கத்திலிருந்தும் வர வேண்டும் என்பது கணக்கு. அந்தச் சிறு பிராணி ஃபெரெட். பார்வைக்குக் கீரியை ஒத்திருந்தாலும் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, நீர்நாயின் குடும்பம். இலங்கைக் காடுகளில் அந்தக் குடும்பத்துக்கு நீர்நாயைத் தவிர வேறு உறுப்பினர் இல்லை.

வேலை இப்படி நடக்கும். செடிகொடி பட்டுப்போன குளிர்காலத்தில், குழிமுயல் வளையின் வாய்களிலெல்லாம் சுருக்கு வலை விரிப்பார்கள். ஒரு வாய் வழியாக ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். அதன் வாடை பட்டதும் முயல் வெளியே பாயும், வலையில் விழும். வலையிலும் சிக்காமல் தப்புவதை நாய் பிடிக்கும். சில நேரம் ஃபெரெட் உள்ளேயே முயலைக் கொன்றுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். அதற்காகக் கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியைக் கட்டி, இருக்கும் இடமறிந்து மண்ணைத் தோண்டி எடுப்பார்கள்.

இது பழைய வித்தை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்பெயினில் வாய்க்கட்டுப் போட்ட பிராணிகளை வளைக்குள் விட்டு முயல் பிடித்ததை எழுதியிருக்கிறார். பலேரிக் தீவு மக்கள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸ் பேரரசரிடம் படையுதவி கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். வேட்டை யாருக்கு உரியது என்ற சண்டையும் அதே அளவு பழையது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத எளியவர், வேட்டை நாயோ ஃபெரெட்டோ வலையோ வைத்திருக்கக் கூடாது என்று 1390இல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். ஏழையின் சட்டிக்கு இறைச்சி போட்டது அந்த நாயும் அந்தப் பிராணியும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே ஃபெரெட்டுக்கு இடமில்லை

முதல் காரணம் சொல்லியாகிவிட்டது: நுழைவதற்கு வளை இல்லை. நம் நிலத்தில் பொந்திலும் புற்றிலும் ஒளிபவை உடும்பும் அழுங்கும். அவற்றைத் தொடுவதைச் சட்டம் தடுக்கிறது.

இரண்டாவது, வெயில். ஃபெரெட்டுக்கு வியர்த்து உடலைக் குளிர்த்திக்கொள்ளும் வசதி மிகக் குறைவு. 30 பாகை செல்சியசைத் தாண்டினால் வெப்பத் தாக்கத்தில் சரிந்துவிடும். திருகோணமலைக் கரையில் சித்திரை தொடங்கி ஆவணி வரை பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது வழக்கம். குளிரூட்டிய அறைக்குள் அடைத்து வைத்துத்தான் அதன் உயிரைக் காக்க வேண்டும்.

மூன்றாவது, நோய். தெருநாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் வைரசு ஃபெரெட்டைத் தொற்றினால் பிழைப்பது அரிது. பெண் ஃபெரெட்டுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. பருவத்துக்கு வந்த பிறகு இணை சேராவிட்டால் பருவம் தணியாது. உடலில் ஹோர்மோன் மிகுந்து, எலும்பு மச்சை குருதி உண்டாக்குவதை நிறுத்தி, சோகையில் இறந்துபோகும். இதையெல்லாம் அறிந்து மருந்து கொடுக்கக்கூடிய மிருக வைத்தியர் பக்கத்தில் இல்லாத ஊரில் அதை வளர்ப்பது பாவம்.

நான்காவது காரணம் எல்லாவற்றிலும் பெரியது. தப்பிப் போனால் என்ன ஆகும்? 1859இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தோமஸ் ஒஸ்டின் என்ற பண்ணையார் வேட்டை இன்பத்துக்காக 24 குழிமுயல்களை இறக்கினார். அவை பெருகிக் கண்டத்தையே மேய்ந்தன. நியூசிலாந்தில் பெருகிய முயல்களை ஒடுக்க 1880களில் ஃபெரெட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். முயல் ஒழியவில்லை, பறக்கத் தெரியாத கிவிப் பறவைகள்தாம் மாண்டன. கடைசியில் 2002இல் ஃபெரெட் விற்பதையும் இனப்பெருக்கம் செய்வதையும் அந்த நாடு தடை செய்தது. கீரிக்கும் இதே கதை உண்டு. 1872இல் கரும்புத் தோட்ட எலிகளைப் பிடிக்க இந்தியாவிலிருந்து 9 கீரிகளை ஜமேக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் கரீபியத் தீவுகளின் பறவைகளையும் ஊர்வனவற்றையும் இன்றளவும் அழித்து வருகின்றன. மண்ணோடு பொருந்தி வளர்ந்த வேட்டைக்காரனை வேறு மண்ணில் விட்டால் அவன் நாம் சொன்ன இரையோடு நிற்க மாட்டான்.

நம் மண்ணின் ஓட்ட நாய்கள்

வெட்டவெளியில் ஓடும் முயலுக்குத் தமிழர் கண்ட விடை நாய். தென் தமிழ்நாட்டின் கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் அதற்காகவே உருவாயின. நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, கூர்ந்த முகம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்துபவை. கம்பங்கூழும் கேப்பைக் கூழும் மோரும் குடித்து வெயிலில் வளர்ந்தவை. தேனிப் பக்கத்துக் கோம்பை காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்போனது. வெள்ளை நிற ராஜபாளையம் பண்ணை வீட்டுக் காவலன்.

2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளப் பணியகம் தனி இனங்களாகப் பதிந்திருக்கிறது. இந்த இனங்களின் வரலாற்றைத் தமிழில் ஊன்றி எழுதியவர் சு. தியடோர் பாஸ்கரன், அவருடைய ‘இந்திய நாயினங்கள்’ நாய் வளர்ப்போர் கையில் இருக்க வேண்டிய நூல்.

நமது கரையில் வேட்டைக்காரனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு பழையது. மூதூர் தொடங்கி வெருகல், வாகரை வரை வாழும், தமிழ் பேசும் கரையோர வேடர்களைப் பற்றி மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதி 1911இல் வெளியிட்ட ‘தி வெத்தாஸ்’ நூலில் தனியே எழுதினார்கள். வேடருக்கு நாய் வீட்டுச் செல்லமல்ல. காட்டுக்குள் கூட வரும் துணை.

குட்டியைப் பழக்கும் விதம்

ஓட்ட நாய்க்கு ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது இரத்தத்திலேயே இருக்கிறது. கற்றுக்கொடுக்க வேண்டியது நிற்பதும் திரும்பி வருவதும்தான். ஒரு முறை கண் இரையில் பதிந்துவிட்டால் அந்த நாயின் காது அடைபட்டுவிடும். அதனால் முதல் துரத்தலுக்கு முன்பே அழைப்புக்குத் திரும்பும் பழக்கம் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் பிறகு திருத்துவது கடினம்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கடியின் அளவை அது கற்கிறது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெயர் ஒன்று, விசில் ஒலி ஒன்று. இரண்டும் மாறக் கூடாது. உணவு வைக்கும் ஒவ்வொரு வேளையும் அந்த ஒலி கேட்க வேண்டும். பார்வோ வைரசுக்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மிருக வைத்தியர் சொல்லும் இடைவெளியில் போக வேண்டும். மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசி. அரச முகாம்களில் இது இலவசம். போடாத நாய் ஊருக்கே ஆபத்து.

மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆடு, மாடு, கோழி நடுவில் கயிற்றோடு நடத்த வேண்டும். கோழியைப் பார்த்துக் காது விறைத்தால் நின்று, பார்வையைத் திருப்பி, அமைதியானதும் பாராட்ட வேண்டும். அயல்வீட்டு ஆட்டுக்குட்டியைத் துரத்தும் நாய்க்கு ஊரில் இடம் கிடைக்காது. அதைச் சங்கிலியில் கட்டி வைப்பது அதன் தண்டனையல்ல, பழக்காமல் விட்டவரின் தோல்வி.

அழைப்பைப் பழக்க நீளக் கயிறு போதும். கூப்பிட்டு வராவிட்டால் மெல்ல இழுத்துக் கொள்ளலாம். வந்த பிறகு அடிக்கவே கூடாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்ததற்குப் பரிசுதான். திரும்பி வந்ததற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை வராது. துணிச்சுருளை எறிந்து எடுத்து வரச் செய்வது வாயை மென்மையாக்கும்; கொண்டுவந்து கையில் கொடுக்கும் குணத்தையும் வளர்க்கும்.

ஒரு வயது நிறையும் வரை முழு வேகத்தில் ஓட விடக் கூடாது. கால் எலும்பின் நுனிகள் அதுவரை முற்றாது. அவசரப்பட்டால் வாழ்நாள் முழுவதும் நொண்ட நேரிடலாம். ஓட்டம் விடியலில் மட்டும். தோல் மெலிந்த நாய்க்கு முள்ளுக்கம்பியும் சூரை முள்ளும் வாள் போல. ஓடி முடித்த நாயின் பாதம், மார்பு, காது மூன்றையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

சம்பூரில் அந்த நாய்க்கு என்ன வேலை?

2006 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பிறகு ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. 2015இலும் 2016இலும் நிலம் விடுவிக்கப்பட்டபோது அவர்கள் திரும்பியது வீட்டுக்கல்ல, பற்றைக்கு. அதை வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் தோட்டமும் வயலும் போட்டார்கள். இப்படி உயிர்ப்பித்த நிலத்தில் ஒரு பயிரை விலங்குக்கு இழப்பதன் வலி பெரிது.

பயிருக்குப் பெரிய எதிரி முயலல்ல. பன்றி, குரங்கு, மயில் போன்றவைதான். 2025 மார்ச் 15ஆம் திகதி பயிர் அழிக்கும் குரங்கு, மயில் முதலியவற்றை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மக்களைக் கொண்டே அரசு எண்ண வைத்தது. தொல்லையின் அளவை அதிலிருந்தே அறியலாம். தோட்ட எல்லையில் குரைத்து விரட்டவும், கூப்பிட்டதும் திரும்பி வரவும் தெரிந்த நாய்தான் கமக்காரருக்கு இன்று வேண்டியது. ஓட்ட நாயின் வேகமும் கண்ணும் இந்த வேலைக்கு முழுதும் பயன்படும்.

வேட்டையைப் பொறுத்தவரை காலம் மாறிவிட்டது. இலங்கையில் 1937இலிருந்தே வன உயிர்க் காப்புச் சட்டம் உண்டு. 2009இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இந்தியாவில் காட்டு முயலும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. முயலோட்டத்துக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே, வளையில்லா முயலை நாய் விட்டு ஓட்டுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. நம் முயல் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் பருந்துக்கும் உணவு. தின்ன வேறு வழி இருக்கும்போது அந்தப் பங்கில் நாம் கைவைப்பது முறையல்ல.

வேட்டை போனாலும் வேட்டை நாயைப் பழக்கிய அறிவு போகக் கூடாது. முன்னோர் பொறுமையாகச் சேர்த்த செல்வம் அது. கமக்காரர் அமைப்புகளும் மூதூர்ப் பகுதி மிருக வைத்தியர்களும் சேர்ந்து நாய்ப் பழக்கும் வகுப்புகளை நடத்தலாம். தடுப்பூசியும் கருத்தடையும் அந்த வகுப்பின் பகுதியாகட்டும். குட்டி வாங்க நினைக்கும் இளைஞர் விலையையும் வேகத்தையும் பிறகு பார்க்கட்டும். ஓராண்டு, தினமும் காலையும் மாலையும், தன் நேரத்தைக் கொடுக்க முடியுமா என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். முடியும் என்றால் அந்த நாய் அவருடைய தோட்டத்தையும் அயலவர் ஆட்டையும் ஒருங்கே காக்கும்.