வாத்தியக்காரர் கைக்கு எந்தப் பட்டை?

கை வலிக்கிறது என்றதும் மருந்துக்கடையில் ஒரு பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு சாதகத்தைத் தொடரும் வாத்தியக் கலைஞர்கள் உண்டு. பட்டை நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் இடமும் ஒரு நேரமும் இருக்கின்றன.

முதலில் மணிக்கட்டு. அங்கே எட்டுச் சிறு எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டு முன்னோ பின்னோ வளைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். தூக்கத்தில் நாம் அறியாமலே கையை மடக்கிக்கொள்வதால், கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் பாதிவரை மரத்துப்போய் நள்ளிரவில் விழிப்பு வரும். உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டையை இரவில் கட்டச் சொல்வது, மணிக்கட்டு நேராக நிற்கத்தான்.

சுண்டுவிரல் மரத்தால் கதை வேறு. வயலின் வாசிப்பவரின் இடது முழங்கை மணிக்கணக்கில் மடங்கியே இருக்கிறது. இடித்துக்கொண்டால் ‘ஷாக்’ அடிக்குமே, அந்த அல்நார் நரம்பு முழங்கை மடங்கும்போது இழுபட்டு அழுந்துகிறது. இதற்கு மணிக்கட்டுப் பட்டை உதவாது. முழங்கையை மடங்கவிடாத பட்டையை இரவில் அணிய வேண்டும். ஒரு துண்டை முழங்கையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுப்பதும் உதவும்.

முழங்கையின் வெளிப்புறம் வலித்தால், மூட்டின் மேல் கட்டக் கூடாது. இரண்டு விரற்கடை கீழே, தசையின் மேல் கட்ட வேண்டும். தசையின் இழுப்பு முழுவதும் எலும்பில் போய் விழாமல் பட்டை குறைக்கும்.

கிளாரினெட்டின் எடையைத் தாங்குவது வலது கட்டைவிரல். அதன் அடியில் வலித்தால், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை ஓய்வு தரும். வாத்தியத்தைக் கழுத்து வாரில் மாட்டினால் பாரமே குறையும்.

விறைப்பான பட்டையோடு வாசித்தால், மணிக்கட்டு செய்யாத வேலையைத் தோளும் விரல்களும் செய்யும். வலி அங்கே இடம் மாறும். பகலும் இரவும் கழற்றாமல் வைத்தால் மூட்டு இறுகி, தசை பலம் இழக்கும். வலியை மறைத்து வாசிக்க அல்ல, கைக்கு ஓய்வு கொடுக்கவே பட்டை.

பட்டை கட்டியும் மரத்துப்போவது நிற்கவில்லையா, பிடி தளர்கிறதா? இன்னும் இறுக்கிக் கட்டாதீர்கள். தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் வாத்தியத்தையும் எடுத்துச் சென்று வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் அதைப் பிடிக்கும் விதத்திலேயே வலியின் காரணம் இருக்கலாம்.